சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, தண்ணீர்தான் தங்கவில்லை

என் சிறுநீரகங்கள் இரண்டுக்கும் ஒரு குறையும் கிடையாது. கிரியாட்டினின் நார்மல், ஸ்கேன் நார்மல், யூரினில் புரதம் இல்லை. ஆனாலும் மாத்திரை போடாமல் விட்டால் ஒரே நாளில் 10 லிட்டருக்கு மேல் சிறுநீர் போகும், அதுவும் நிறமே இல்லாமல் பச்சைத் தண்ணீர் மாதிரி. குடிப்பதைக் குறைத்துப் பார்த்தாலும் நிற்காது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு தலை சுற்ற ஆரம்பிக்கும், அவ்வளவுதான். இதற்கு டயாபடீஸ் இன்சிபிடஸ் என்று பெயர். சர்க்கரை நோய்க்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மூளையின் அடியிலிருந்து வரவேண்டிய வாசோப்ரெஸ்ஸின் என்ற ஹார்மோன் எனக்கு வருவதில்லை. அது வராததால் சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைப்பதில்லை. சிறுநீரகம் என்றால் கழிவை வடிகட்டும் உறுப்பு என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அது பார்க்கிற தண்ணீர்க் கணக்கு ஒழுங்காக நடக்கும் வரைக்கும் அப்படியொரு வேலை நடப்பதே யாருக்கும் தெரிவதில்லை.

எனக்கு இது திடீரென்றுதான் வந்தது. இந்த நோய் வந்த பலருக்கும் எந்த வாரத்தில் தாகம் ஆரம்பித்தது என்றுகூடச் சொல்லத் தெரியும், அப்படிச் சட்டென்று வரும். அதுவும் சாதாரணத் தண்ணீர் போதாது, பல் கூசும் அளவுக்குச் சில்லென்று வேண்டும். இது நோயாளியின் பிடிவாதம் இல்லை. குளிர்ந்த நீர் வாயிலும் தொண்டையிலும் படும்போதே மூளைக்குச் செய்தி போய்த் தாகம் அடங்கத் தொடங்குகிறது, குடித்த தண்ணீர் ரத்தத்தில் கலப்பதற்கு முன்பாகவே.

முதலில் எல்லாரும் சர்க்கரை என்றார்கள். வெறும் வயிற்றில், சாப்பிட்ட பின், மூன்று மாதச் சராசரி என எல்லாம் பார்த்தாயிற்று, எதிலும் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு டாக்டர் இது பதற்றத்தில் வருகிற பழக்கம், குடிப்பதைக் குறையுங்கள், சிறுநீர் தானாகக் குறையும் என்றார். கேட்க எரிச்சலாக இருந்தாலும் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பழக்கத்தாலோ மனநிலை காரணமாகவோ லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிப்பவர்கள் உண்டு, அவர்களுக்கும் சிறுநீர் இதே மாதிரி வெளுத்துதான் போகும். குடிப்பதால் போகிறதா, போவதால் குடிக்கிறோமா என்பதைப் பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்ல முடியாது.

இங்கே எனக்குக் கைகொடுத்தது ஒரு நோட்டும் அளவு போட்ட ஒரு குவளையும்தான். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தேன், எவ்வளவு போனது, இரவில் எத்தனை தடவை எழுந்தேன் என்று எழுதிக்கொண்டு போனேன். பெரியவர்களுக்கு ஒரு நாளில் 3 லிட்டருக்கு மேல் சிறுநீர் போனால் அது கவனிக்கவேண்டிய விஷயம் என்பது மருத்துவக் கணக்கு. "நிறைய போகுது டாக்டர்" என்று சொன்னால் அது அடிக்கடி போவதா, அளவில் அதிகமாகப் போவதா என்றே தெரியாது. சிறுநீர்ப்பை கோளாறிலும் புராஸ்டேட் வீக்கத்திலும் அடிக்கடி போகும், ஆனால் மொத்த அளவு அதிகமாகாது. இரவுக் கணக்கு இன்னும் முக்கியம். பழக்கமாகக் குடிப்பவர்கள் பெரும்பாலும் ராத்திரி நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள், என்னைப் போன்றவர்களைத் தாகமும் சிறுநீரும் மாறி மாறி எழுப்பும்.

அடுத்தது தண்ணீர் நிறுத்தும் சோதனை. கேட்க எளிதாக இருக்கும், இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. குறிப்பிட்ட இடைவெளியில் எடை பார்ப்பார்கள், ஒவ்வொரு தடவையும் சிறுநீரின் அளவையும் அடர்த்தியையும் பார்ப்பார்கள், கூடவே ரத்தத்தில் சோடியம். பாத்ரூம் வாசலில்கூட ஆள் நிற்கும், உள்ளே குழாய் இருக்கிறது அல்லவா. உடல் எடையில் 3 சதவீதம் போல் இறங்கினால் சோதனையை நிறுத்திவிடுவார்கள், அதற்கு மேல் ஆபத்து. சாதாரண உடம்பு இந்த நிலையில் சில மணி நேரத்திலேயே சிறுநீரைக் கெட்டியாக்கி அளவைச் சுருக்கிவிடும். எனக்கு உதடு வெடித்தது, சோடியம் இயல்பின் மேல் எல்லையான 145-ஐத் தாண்டியது, சிறுநீர் மட்டும் தெளிவாக, தாராளமாகப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் டெஸ்மோப்ரெஸ்ஸின் ஊசி போட்டார்கள். அது வாசோப்ரெஸ்ஸினைக் கொஞ்சம் மாற்றிச் செய்த மருந்து. அதற்கப்புறம் வந்த சிறுநீரில் மஞ்சள் நிறத்தைப் பார்த்து நானும் நர்ஸும் சேர்ந்து சந்தோஷப்பட்டோம், அப்படி ஒரு சந்தோஷம் இருக்கிறது என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. ஊசிக்குச் சிறுநீரகம் பதில் சொல்லிவிட்டது என்றால் இயந்திரம் நன்றாக இருக்கிறது, கட்டளைதான் வரவில்லை என்று அர்த்தம். ஊசி போட்டும் அடர்த்தி ஏறவில்லை என்றால் கோளாறு சிறுநீரகத்தில். மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியத்தை நீண்ட காலம் சாப்பிடுபவர்களுக்கு அப்படி வரலாம், சிலருக்குப் பிறவியிலேயே மரபணுவில் இருக்கும். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் காம்பு எனக்குத் தடித்திருந்தது, அங்கே ஏற்பட்ட அழற்சிதான் காரணம் என்று முடிவானது.

இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்த பிறகுதான் மாத்திரையை எப்படிக் கையாள்வது என்பதும் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டும் நுண்குழாய்கள். இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் ரத்தத்திலிருந்து வடிக்கும் திரவம் 180 லிட்டர். உடம்பில் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவே 3 லிட்டர் சொச்சம்தான், அப்படியானால் அது ஒரு நாளில் 60 தடவை வடிகட்டப்படுகிறது. வடித்ததில் மூன்றில் இரண்டு பங்கு நெஃப்ரானின் முதல் பகுதியிலேயே திரும்ப ரத்தத்துக்குப் போய்விடும், உப்பு போகும் வழியில் தண்ணீரும் போகும், இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். அடுத்தது ஹென்லே வளைவு, நெஃப்ரான் உள்ளே இறங்கி வளைந்து மேலே ஏறும் பகுதி. இறங்கும் கையில் தண்ணீர் வெளியே கசியும், உப்பு போகாது. ஏறும் கையில் நேர் எதிர்: உப்பை வெளியே இறைக்கும், தண்ணீரை விடாது. இரண்டு கைகளும் அருகருகே எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் இந்தச் சின்ன வித்தியாசம் பெருகிப் பெருகிச் சிறுநீரகத்தின் உட்பகுதி, ரத்தத்தைப் போல நான்கு மடங்கு அடர்த்திக்கு உப்பும் யூரியாவும் ஏறிக் கிடக்கும். கரைந்திருக்கும் துகள்களின் அளவை மில்லி ஆஸ்மோலில் கணக்கிடுவார்கள்; லிட்டருக்கு ரத்தம் 290 என்றால் அங்கே 1200.

கவனிக்க வேண்டியது, ஹென்லே வளைவை விட்டு வெளியே வரும் திரவம் கெட்டியாக இருப்பதில்லை, நீர்த்துத்தான் இருக்கும். கெட்டியாக இருப்பது சுற்றியுள்ள திசு. அந்தத் திசுவின் ஊடாகக் கடைசியாக ஒரு குழாய் இறங்குகிறது, சேகரிப்புக் குழாய். 180 லிட்டரில் இந்தக் கடைசிக் கட்டத்துக்கு வந்து சேர்வது 10 சதவீதம் போல்தான், ஆனால் வாசோப்ரெஸ்ஸினின் அதிகாரம் முழுக்க அந்த மிச்சத்தின் மேல்தான். அந்தக் குழாயின் சுவரில் உள்ள மதகு திறந்தால் தண்ணீர் உப்பேறிய திசுவை நோக்கிப் பாய்ந்து உடம்புக்குத் திரும்பும், மூடியிருந்தால் நேராகச் சிறுநீர்ப்பைக்குப் போகும். அந்த மதகு என்பது அக்வாபோரின்-2 என்ற புரதம். செல்லுக்குள் சின்னச் சின்னப் பைகளில் தயாராகக் காத்திருக்கும். ஹார்மோன் வந்து செல்லின் மேல் உட்கார்ந்ததும் பைகள் நகர்ந்து செல்லின் சுவரில் பதியும், ஹார்மோன் குறைந்தால் மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளப்படும். எல்லாம் நிமிடக் கணக்கில் நடக்கும். அக்வாபோரின்களைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. என்னிடம் அக்வாபோரின் நிறைய இருக்கிறது, கூப்பிடத்தான் ஆள் இல்லை.

ஒரு கணக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டிலிருந்தும் உடம்பின் இயக்கத்திலிருந்தும் தினமும் வெளியேற்ற வேண்டிய உப்பும் யூரியாவும் 600 மில்லி ஆஸ்மோல் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 1200 என்ற உச்ச அடர்த்தியில் வெளியேற்றினால் அரை லிட்டர் சிறுநீர் போதும். லிட்டருக்கு 50 என்ற மிகக் குறைந்த அடர்த்தியில் வெளியேற்றினால் 12 லிட்டர் வேண்டும். கழிவு ஒன்றுதான், அதைச் சுமக்கும் தண்ணீர்தான் அரை லிட்டரிலிருந்து 12 லிட்டர் வரை மாறுகிறது. சாப்பாட்டில் உப்பும் புரதமும் எவ்வளவு இருக்கிறதோ அதற்கு ஏற்ப என் பாத்ரூம் நடையும் கூடும் என்பது இதிலிருந்தே தெரியும். மாத்திரை தாமதமான நாளில் உப்பு தூக்கலாகச் சாப்பிட்டுவிட்டு வெளியே கிளம்புவதில்லை.

பாலூட்டிகளில் சிறுநீரைக் கெட்டியாக்கும் விஷயத்தில், 1200 என்ற உச்சத்தோடு நாம் நடுத்தரம்தான். ஒட்டகம் 3000-ஐ ஒட்டிப் போகும். வட அமெரிக்கப் பாலைவனத்தின் கங்காரு எலி 5000-ஐத் தாண்டும். தண்ணீரே குடிக்காமல் விதைகளைத் தின்று, அவை உடம்பில் எரியும்போது உண்டாகும் நீரை வைத்தே வாழ்ந்துவிடும். ஆஸ்திரேலியாவின் துள்ளெலி ஒன்று 9000 வரை போகிறது. எப்போதும் தண்ணீரிலேயே கிடக்கும் பீவருக்கு 500 சொச்சம்தான், அதற்கு எதற்குச் சிக்கனம். என் இனம் என்று சொல்லிக்கொள்ளவும் ஓர் எலி உண்டு: 1961-ல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் பிராட்டில்பரோ என்ற ஊரில் கண்டுபிடிக்கப்பட்ட எலி வகை, பிறவியிலேயே வாசோப்ரெஸ்ஸின் இல்லாதது. தன் எடையில் பாதிக்கு மேல் ஒரே நாளில் தண்ணீர் குடிக்கும். பாவம், அதற்கு மாத்திரையும் கிடையாது.

சரி, மருந்துக்கு வருகிறேன். டெஸ்மோப்ரெஸ்ஸின் மாத்திரை கிடைத்ததும் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் வீட்டில் நினைத்தோம். உண்மையில் பிரச்சினை பக்கம் மாறியது. இயற்கையான வாசோப்ரெஸ்ஸின் ரத்தத்தில் 20 நிமிடத்துக்குள் பாதியாகிவிடும். ரத்தத்தின் அடர்த்தி 1 சதவீதம் மாறினாலே மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் அதைக் கண்டுபிடித்துச் சுரப்பைக் கூட்டும் அல்லது குறைக்கும். ஒரு சொம்பு தண்ணீரைக் கூடுதலாகக் குடித்தால் சுரப்பு நின்று, ஓரிரு மணி நேரத்தில் அந்தத் தண்ணீர் வெளியே போய்விடும். மாத்திரைக்கு இந்த அறிவு கிடையாது. போட்டால் 8 மணி நேரமோ 12 மணி நேரமோ மதகு திறந்தேதான் இருக்கும், நான் எவ்வளவு குடித்தாலும் அது உடம்புக்குள்ளேயே தங்கும். தங்கினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். இயல்பு 135 முதல் 145 வரை. அதற்குக் கீழே இறங்க இறங்கத் தலைவலி, குமட்டல், மந்தம், குழப்பம், இன்னும் இறங்கினால் வலிப்பு. மூளைச் செல்கள் தண்ணீரை உறிஞ்சி வீங்குவதால் வருவது இது, மண்டையோட்டுக்குள் வீங்க இடம் ஏது.

ஆரம்ப டோஸ் எனக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஒரு வாரம் நெற்றியைச் சுற்றி மந்தமான வலி, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். இதில் இருக்கும் வில்லங்கம், இதே தலைவலியும் சோர்வும் தண்ணீர் குறைந்தாலும் வரும், ஆகவே அக்கறையோடு பக்கத்தில் இருப்பவர்கள் "இன்னும் கொஞ்சம் தண்ணி குடி" என்பார்கள். தாகம் இருக்கிறதா, சிறுநீர் எப்படிப் போகிறது, எடை என்ன என்ற மூன்றையும் பார்த்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். எனக்குத் தாகமே இல்லை, சிறுநீர் குறைவாகவும் கெட்டியாகவும் இருந்தது, எடை ஏறியிருந்தது. ரத்தப் பரிசோதனையில் சோடியம் 130-க்குக் கீழே. டோஸைக் குறைத்து, சில நாள் தண்ணீரையும் அளந்து குடிக்கச் சொன்னார்கள். மருந்தை ஒரேயடியாக நிறுத்தவில்லை, அதற்கும் காரணம் உண்டு: தேங்கிய தண்ணீர் மொத்தமும் மளமளவென்று வெளியேறி சோடியம் வேகமாக ஏறினால் மூளைக்கு வேறுவிதமான சேதம் வரும். சோடியம் நாள்பட இறங்கியிருந்தால் ஏற்றுவதும் மெதுவாகத்தான், 24 மணி நேரத்தில் 8 முதல் 10 புள்ளிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். ஆகவே இந்த மருந்தைச் சாப்பிடும் யாரும் தலைவலி வந்தால் தானாக நிறுத்துவதோ, தாகம் எடுத்தால் தானாகக் கூட்டுவதோ வேண்டாம், சோடியம் பார்த்துவிட்டு டாக்டர் சொல்லட்டும்.

அதிலிருந்து நான் வைத்திருக்கும் வழி, டாக்டர் ஒப்புதலோடுதான்: அடுத்த மாத்திரையைக் கடிகாரம் பார்த்துப் போடுவதில்லை. முந்தைய மாத்திரையின் வேகம் தீர்ந்து, சிறுநீர் வெளுத்துத் தாராளமாகப் போக ஆரம்பித்த பிறகே போடுவேன். அந்த ஒரு மணி நேரத்தில் கூடுதலாகத் தங்கிய தண்ணீர் வெளியே போய்விடும், கணக்கு தினமும் ஒரு தடவை நேராகும். வாரத்துக்கு ஒரு தடவையாவது இப்படி இடைவெளி விடுவது பல மருத்துவர்கள் சொல்லிக்கொடுக்கும் முறைதான். இரண்டாவது, தாகத்துக்கு மட்டும் குடிப்பது. விருந்தாளியாகப் போன இடத்தில் மரியாதைக்காக ஒரு டம்ளர் என்பதுகூட எனக்குக் கணக்கில் சேரும். மூன்றாவது, தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின் எடை பார்ப்பது. ஒரே இரவில் ஒரு கிலோ ஏறினால் அது கொழுப்பு இல்லை, ஒரு லிட்டர் தண்ணீர். இதே மருந்தை மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொன்று: சளி பிடித்து மூக்கடைத்தால் மருந்து சரியாக உள்ளே போகாது, திடீரென்று நோய் திரும்பி வந்த மாதிரி இருக்கும். அந்த நாட்களுக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வாந்தி, பேதி, காய்ச்சல் எல்லாம் எங்களுக்கு வேறு கணக்கு. குடித்தது வயிற்றில் நிற்கவில்லை என்றால் வீட்டில் வைத்துப் பார்ப்பதே கிடையாது, நேராக ஆஸ்பத்திரிதான். ஆஸ்பத்திரியிலும் பேசத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சிறு அறுவை சிகிச்சைக்காக அட்மிட் ஆன இடத்தில் கேஸ் ஷீட்டில் டயாபடீஸ் என்று மட்டும் எழுதிவிட்டார்கள். விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், நார்மல், அப்படியானால் மாத்திரை தேவையில்லை என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள், இந்தப் பக்கம் வாய்வழியாக எதுவும் கூடாது என்று தண்ணீரும் கிடையாது. என் மனைவி ஃபைலில் இருந்த எண்டோகிரைன் (ஹார்மோன்) டாக்டரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு டியூட்டி டாக்டரைத் தேடிப் போன பிறகுதான் சரியானது. இந்தக் குழப்பத்தால் உலகில் உயிரே போயிருக்கிறது. அதனால்தான் 2022-ல் இந்த நோய்க்கு வாசோப்ரெஸ்ஸின் குறைபாடு என்று பெயரையே மாற்றினார்கள். புதுப் பெயரையும் பழைய பெயரையும், மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் ஒரே தாளில் எழுதிப் பையில் வைத்திருங்கள். மயங்கிக் கிடந்தால் தாகம் என்று சொல்ல நம்மால் முடியாது. தாகம் சொல்ல முடியாத நேரம்தான் இந்த நோயில் உயிருக்கு ஆபத்தான நேரம், மற்ற நேரமெல்லாம் தொந்தரவு மட்டுமே.

ஹார்மோன் ஒழுங்காகச் சுரக்கும் பாக்கியசாலிகளுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. தினம் நான்கு லிட்டர் குடித்தால் உடம்பு சுத்தமாகும் என்று சுற்றி வரும் பேச்சில் எனக்கு நம்பிக்கையே இல்லை. சிறுநீரகம் தண்ணீரின் அளவைப் பார்த்துக் கழிவைக் கூட்டி வெளியேற்றுவதில்லை, மேலே சொன்ன கணக்குப்படி அதே கழிவு அதிகத் தண்ணீரில் போகும், அவ்வளவே. நல்ல சிறுநீரகத்தாலும் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் போலத்தான் வெளியேற்ற முடியும். அதற்கு மேல் பந்தயம் வைத்துக் குடித்துச் செத்தவர்கள் உண்டு. 2002 பாஸ்டன் மாரத்தான் ஓட்டக்காரர்களிடம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைவாக இருந்தது, காரணம் பெரும்பாலும் ஓடும்போது குடித்த அதிகப்படி திரவம். மது குடித்த மறுநாள் நாக்கு வறள்வதற்குக் காரணம், மது வாசோப்ரெஸ்ஸின் சுரப்பை அடக்குவது. அந்த ஓர் இரவுக்கு நீங்களும் என் கட்சிதான். பேதியில் உப்பும் சேர்ந்து போவதால் வெறும் தண்ணீர் போதாது, ஓ.ஆர்.எஸ். வேண்டும்.

தாகத்தை நம்பலாம் என்று நான் சொல்வதற்கு விலக்குகளும் இருக்கின்றன. வயதானவர்களுக்குத் தாக உணர்வும் மங்கும், சிறுநீரைக் கெட்டியாக்கும் திறனும் குறையும், அவர்களுக்கு நாம்தான் நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் தாகத்தைத் தாண்டி, தினம் இரண்டரை லிட்டர் சிறுநீராவது போகும் அளவுக்குக் குடிக்கச் சொல்லப்படுவார்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு நேர் எதிராகத் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனியாகத் தண்ணீரே வேண்டாம், பாலில் இருப்பது போதும், கொடுத்தால் சோடியம்தான் இறங்கும்.

ராத்திரியிலும் விடாத தாகமும் லிட்டர் கணக்கில் வெளுத்த சிறுநீரும் உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இருந்து, சர்க்கரையும் நார்மல் என்று வந்துவிட்டால், அதோடு விட்டுவிடாமல் ரத்தத்தில் சோடியம், கால்சியம், பொட்டாசியம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கால்சியம் ஏறினாலும் பொட்டாசியம் இறங்கினாலும்கூடச் சிறுநீரகம் வாசோப்ரெஸ்ஸினுக்குக் காது கொடுக்காது. ரத்தத்தின் அடர்த்தியையும் சிறுநீரின் அடர்த்தியையும் ஒரே நேரத்தில் எடுத்த சாம்பிளில் பார்க்கச் சொல்லுங்கள், தனித்தனி நாளில் எடுத்தால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியாது. அதற்காகத் தண்ணீரை நிறுத்திவிட்டுப் போக வேண்டாம், அந்தச் சோதனையை ஆஸ்பத்திரியில் ஆள் பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும்.